முப்பத்தெட்டு கிலோமீட்டர்

கணவர் சாவியைத் திருகியதும் கார் மீட்டரில் எண் ஒளிர்ந்தது. நாற்பத்தோராயிரத்து அறுநூற்று எழுபத்திரண்டு. பூங்கோதை அதைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்க்காத மாதிரி இருப்பதில் அவளுக்குப் பதினான்கு மாதப் பழக்கம். மடியில் நீல ஃபைல், அதற்குள் இன்ஷூரன்ஸ், சர்வீஸ் ரசீதுகள், ஒரு சின்னக் கவரில் இரண்டாவது சாவி. காலையில் ஞானவேல் அந்தச் சாவியைச் சாதாரணமாகத்தான் கேட்டார், லீஸ்காரர்கள் இரண்டையும் கேட்கிறார்களாம், எங்கே வைத்திருக்கிறாய் என்று. அவள்தான் வேண்டுமென்றே நான்கு நிமிடம் பீரோவைக் குடைந்தாள். அது எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் கை போகும், ஆனால் உடனே எடுத்துக் கொடுத்தால் எப்படி இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று ஒரு பயம். அவர் அப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. கேட்காத ஆள் என்பதுதான் இந்த வீட்டில் இருவருக்கும் பொருந்துகிற ஒரே குணம் என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியதும் ஏசி அதிகமாக இருக்கிறது என்று சொல்லி அதைக் குறைத்தாள். பதினொரு மணிக்குள் கிண்டியில் இருக்க வேண்டும். மணி ஒன்பதரை. மடிப்பாக்கத்திலிருந்து கிண்டிக்குச் சனிக்கிழமையில் அரை மணி நேரம் போதும், இவர் ஏன் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பச் சொன்னார் என்பதையும் அவள் கேட்கவில்லை.

கார் அவர்களுடையது இல்லை. நான்கு வருடக் குத்தகை. ஞானவேல் வேலை பார்க்கிற பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் என்கிற பதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் கம்பெனி மூலமாக ஒரு காரை லீஸுக்கு எடுப்பது வழக்கம், எடுக்காதவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள், அதனால் எடுத்தது. முதல் நாள் கோயிலில் பூஜை போடும்போது யார் பெயருக்கு அர்ச்சனை என்று குருக்கள் கேட்டார். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதோ எங்கோ இருக்கிற ஒரு லீசிங் கம்பெனியின் பெயர். கம்பெனிக்கு ஏது நட்சத்திரம்? ஞானவேல் ஒரு கணம் முழித்துவிட்டு, பூங்கோதை, பூராடம் என்றார். பூங்கோதைக்கு அன்றைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளுடைய அண்ணன் துரைப்பாண்டிதான் அன்று ஓட்டினார், எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கிவிட்டு, மாப்பிள்ளை இனிமே வேகம் பழகணும் என்று முதுகில் தட்டினார். இன்றோடு அந்த நான்கு வருடம் முடிகிறது. மூன்றில் ஒன்றைச் செய்யலாம் என்று கம்பெனிக்காரர்கள் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். மிச்சத் தொகையைக் கட்டிவிட்டு இதே காரைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். திருப்பிக் கொடுத்துவிடலாம். இல்லை, இதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக, பெரிதாக ஒன்றை எடுக்கலாம். துரைப்பாண்டிக்கு மூன்றாவதுதான் பிடித்திருந்தது, நேற்றும் முந்தாநாளும் போன் செய்து பெரிய வண்டியின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஞானவேலோ ஒரு வாரமாக ஒரே வாக்கியம்தான், நீயே முடிவு பண்ணு கோதை, எனக்கு எதுன்னாலும் சரி.

அந்த வாக்கியம்தான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. எதுவானாலும் சரி என்று ஒரு மனிதன் எப்போது சொல்வான்? மனசு வேறொருத்தியிடம் இருக்கும்போதுதான். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தால், சரிதான், தடயத்தை ஒழிக்கப் பார்க்கிறார் என்று நினைத்திருப்பாள். வாங்கிவிடலாம் என்று சொல்லியிருந்தால், அந்த வண்டியில்தானே அங்கே போனார், விட மனசு வரவில்லை. புதுசு எடுக்கலாம் என்றால் கேட்கவே வேண்டாம், அந்த ஒருத்திக்குப் பெரிய வண்டி வேண்டுமாக்கும், அவளுக்கும் அவள் குழந்தைக்கும். எந்தப் பக்கம் தொட்டாலும் வலித்தது. மூன்று விடைகளுமே தவறாக இருக்கிற கேள்வியைத் தன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் கொடுத்ததே இல்லை, கொடுத்தால் தலைமையாசிரியை கூப்பிட்டு விசாரிப்பார். அவள் கணக்கு டீச்சர். பதினெட்டு வருடமாக, ஒரு கார் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறவள். அந்தக் காரை ஓட்டுகிறவன் எதற்காகப் போகிறான், யாரைப் பார்க்கப் போகிறான் என்று எந்தப் பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே உறைத்திருக்குமோ என்னவோ.

உறைத்தது ஒரு போன் வந்ததில். போன வருடம் ஆடி மாதத்தில் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் வீட்டு எண்ணுக்கே கூப்பிட்டு, மேடம், வண்டி முப்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு, சர்வீசுக்கு விடுங்க என்றாள். முப்பதாயிரமா? இவர் ஆபீஸ் பெருங்குடியில், வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். போக ஒன்பது, வர ஒன்பது. பூங்கோதை அடுப்பில் பாலை வைத்துவிட்டு மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள், பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் ஓடியது, விடை பாதிகூட வரவில்லை. அன்று இரவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஞானவேலுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதுதான் சிக்கல். பொய் சொல்கிற ஆளாக இருந்தால் கேட்டிருப்பாள், அவரும் ஏதாவது சொல்லியிருப்பார், அவளும் நம்பினமாதிரி இருந்திருப்பாள், குடும்பம் ஓடியிருக்கும். இவர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். அதனால் கேட்காமல், மறுநாள் விடிகாலையில் குடையை வண்டியிலேயே விட்டுவிட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது சாவியோடு கீழே இறங்கினாள், சாவியைத் திருகி எண்ணைப் பார்த்துக்கொண்டாள். அதற்கடுத்த நாளும் பார்த்தாள். முப்பத்தெட்டு. மூன்று வாரம் பார்த்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, ஒரு வியாழக்கிழமை மட்டும் நாற்பத்தொன்று. பதினெட்டு போக மிச்சம் இருபது. காதல் விவகாரத்தில் இருக்கிறவன்கூட ஒரு நாளைக்கு லீவு எடுப்பான், ஒரு நாளைக்குச் சண்டை போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்கு வருவான். இவர் தவறுவதே இல்லை. அதுதான் அவளை நொறுக்கியது. அது ஆசை இல்லை, குடும்பம். தினமும் காலையும் மாலையும் போய்த்தான் ஆக வேண்டிய ஒரு குடும்பம்.

மகள் திருச்சி ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன சென்னை வரைபடத்தை எடுத்து, காம்பஸை வைத்து, பத்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டாள். அந்த வட்டத்துக்குள் பாதிச் சென்னை வந்துவிட்டது. அதில் லட்சக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியை அவளே தேர்ந்தெடுத்து, நளினா என்று பெயரும் வைத்தாள். ஏன் நளினா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நளினாவுக்கு முப்பத்தாறு வயது. நல்ல முடி. மாடி வீடு, மாடிப்படியில் மணிபிளான்ட், யூ.கே.ஜி. படிக்கிற பெண் குழந்தை. பூங்கோதைக்குக் கோபம் வருகிற நாட்களில் நளினாவுக்குச் சமைக்கத் தெரியாது, அழுகை வருகிற நாட்களில் நளினா நன்றாகச் சமைத்தாள். எல்லாவற்றுக்கும் சாட்சியும் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஒன்பது மணி ஆபீசுக்கு அவர் ஆறே முக்காலுக்கே கிளம்பிவிடுகிறார். தினமும் இரண்டு சின்னத் துண்டுகள் எடுத்துப் போகிறார், இரண்டும் நனைந்து திரும்புகின்றன. அங்கே குளிக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள், இந்த வீட்டில் தண்ணீர் இல்லையா என்று ஒரு நாள் துவைக்கிற கல்லில் அந்தத் துண்டை அடித்த அடியில் கீழ்வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். இரவு வீட்டுக்கு வந்ததும் உடனே மேலே வருவதில்லை. பால்கனியிலிருந்து பார்த்தால் வண்டிக்குள்ளேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். போன் பேசுகிறாரா என்று பார்த்தாள். போன் இல்லை. கண்ணை மூடி, சாய்ந்து, வெறுமனே இருந்தார். நளினாவை நினைத்துக்கொண்டிருக்கிறார். போனில் பேசினால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. கிண்டிக்கு வலது பக்கம். ஆட்டோக்காரரிலிருந்து தண்ணீர் லாரிக்காரர் வரை எல்லோரும் இந்த முனையில் வலது பக்கம்தான் திரும்புவார்கள். ஞானவேல் இடது பக்கம் திருப்பினார். பூங்கோதை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் இன்றைக்கு வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்ததே, ஒரு நாளாவது இந்த வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்றுதான். நான்கு வருடத்தில் அவர் ஓட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போனால் பன்னீர் என்று ஒரு ஆக்டிங் டிரைவர் வருவார், அன்றைக்கு மட்டும் ஓட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். வாரம் முழுக்க நான்தானே ஓட்டறேன், ஞாயித்துக்கிழமையாவது உன்கூடப் பின்னாடி உட்கார்ந்து வரேனே என்பார் ஞானவேல். முதல் இரண்டு வருடம் அதைக் கேட்டு அவள் உருகியிருக்கிறாள். அப்புறம் அதுவும் குற்ற உணர்ச்சியில் செய்கிற உபசாரம் ஆகிவிட்டது. இன்று பன்னீர் மச்சினியின் வளைகாப்புக்குப் போய்விட்டார். ஞானவேல் நேற்று இரவு வேறு மூன்று டிரைவர்களுக்குப் போன் செய்தார், ஒருவரும் கிடைக்கவில்லை, அப்போதே அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஏன் ஆகாது? மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வழியில் எப்படிப் போவது? ஆனால் இதோ போகிறாரே. பழகின கை, பழகின பக்கமே திருப்புகிறது. செக்குமாட்டுக்கு வழி சொல்ல வேண்டுமா? அவரே அறியாமல் அவளை அந்த வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறார், மணிபிளான்ட் தெரியும், குழந்தை ஓடி வரும், அப்பா இன்னைக்கு லீவு இல்லையா என்று கேட்கும். அப்போது என்ன செய்வது? இறங்கி வணக்கம் சொல்வதா? ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளங்கை ஈரத்தில் நீல அட்டை வழுக்கியது.

இரண்டாவது தெருவிலும் இடது. அப்புறம் ஒரு பிள்ளையார் கோயில், ஒரு டயர் கடை, பிறகு பெரிய சிக்னல். சிக்னலின் ஓரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ், யாரோ ஒரு குழந்தைக்குக் காதுகுத்து விழா, குழந்தைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி ராஜா மாதிரி உட்காரவைத்திருந்தார்கள். அதைச் சுற்றி வாழ்த்துவோர் என்று முப்பது தலைகள். இந்தச் சிக்னலில் வலது பக்கம் திரும்பினால் கிண்டி நேர்வழி, பச்சைப் பலகையே சொல்கிறது. வலது பக்கம் பச்சை விளக்கு விழுந்தது. ஞானவேல் திரும்பவில்லை. விளக்கு மாறும் வரை காத்திருந்து நேராகப் போனார். சரி, அவ்வளவுதான், இனி சந்தேகமே இல்லை. அவளுக்கு ஆச்சரியமாக ஒரு நிதானம் வந்தது. ஊசி குத்தப்போகிற நொடியில் கை தானாகத் தளர்ந்துவிடுமே, அந்த மாதிரி. நளினாவிடம் என்ன பேசுவது என்றுகூட யோசித்தாள். குழந்தையின் பெயரைக் கேட்கலாம், அதில் தவறில்லை, குழந்தை என்ன பாவம் செய்தது. வண்டி இடது பக்கம் ஒரு சந்தில் நுழைந்தது. வீடுகளின் வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோலம், செருப்பு, நாய். மணிபிளான்ட் இருந்தது, ஆனால் அந்த வாசலில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வண்டி நிற்கவில்லை. மறுபடியும் இடது. அப்புறமும் இடது. ஞானவேல் ஒரு கையால் மடியிலிருந்த சின்னத் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே. உதடு எதையோ முணுமுணுத்தது. திரும்பிய இடத்தில் மறுபடியும் ஒரு சிக்னல். அதன் ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ராஜா.

அதே ராஜாதான், அதே முப்பது தலைகள். முன்பு பார்த்தபோது இடது பக்கம் இருந்த ஃப்ளெக்ஸ் இப்போது வேறு பக்கத்திலிருந்து தெரிகிறது. சற்று முன் எந்தச் சாலையில் வந்தார்களோ அந்தச் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வண்டி நேராகப் போனது, கிண்டி என்ற பச்சைப் பலகை காட்டிய அதே திசையில். பூங்கோதை ஃபைலின் மேல் ஒரு விரலால் கோடு இழுத்துப் பார்த்தாள். நேராக, இடது, இடது, இடது. மூன்று இடது சேர்ந்தால் ஒரு வலது. எட்டாம் வகுப்புக்குக்கூட வேண்டாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. அடுத்த பெரிய சந்திப்பிலும் வலது பக்கம்தான் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வண்டி நேராகப் போனது, இடது பக்கம் திரும்பியது, சந்தில் எதிரே வந்த பால் வண்டிக்காக ஒதுங்கியதில் இடது பக்கக் கதவு ஒரு மதிலில் லேசாக உரசியது, ஞானவேல் ஸ்ஸ் என்றார், இடது, மறுபடியும் இடது. அதே சந்திப்பு. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பதினான்கு மாதத்தில் முதல் முறையாக நன்றாகப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. முன்நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. துண்டு நனைந்திருந்தது. இருபது கிலோமீட்டர், ஆறே முக்கால் மணி, இரண்டு துண்டு, வண்டிக்குள் கண் மூடிய பத்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமைப் பன்னீர் என்று ஒவ்வொன்றாக அவள் கையை விட்டு நழுவி, நளினா என்று ஒருத்தி எங்கேயும் இல்லாமல் போனாள்.

“என்னங்க, நீங்க வலது பக்கம் திரும்பவே மாட்டீங்களா?”

ஞானவேல் இண்டிகேட்டர் போட்டு, ஓர் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தார். அதற்கும் இடது பக்கம்தான் வசதி. இளநீர்க்காரர் இரண்டா சார் என்று தூரத்திலிருந்தே விரலைக் காட்டினார், பூங்கோதை கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் சொன்னாள். ஞானவேல் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். வண்டி வந்த முதல் வாரத்திலேயே ஆனது, என்றார். ஆபீசிலிருந்து வரும்போது ஒரு சந்திப்பில் வலது பக்கம் திரும்பினாராம். எதிரே பஸ் தூரத்தில்தான் இருக்கிறது என்று நினைத்தாராம். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் வந்தது தெரியவில்லை. ஸ்கூட்டரில் ஒரு அப்பா, முன்னால் நின்றுகொண்டு ஒரு சின்னப் பெண். அவரும் இவரும் ஒரே நேரத்தில் பிரேக் போட்டார்கள். ஸ்கூட்டரின் சக்கரம் இவர் வண்டிக் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. அந்த அப்பா திட்டக்கூட இல்லை. அந்தப் பெண் மட்டும் கண்ணாடி வழியாக இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒண்ணும் ஆகலை கோதை, ஒண்ணுமே ஆகலை, என்று இரண்டு தடவை சொன்னார், ஏதோ அவள் மறுத்துப் பேசுகிற மாதிரி. மறுநாள் அந்தச் சந்திப்பில் கை திருப்ப மறுத்துவிட்டதாம். அடுத்த சந்திப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனாராம். நான்கு வருடமாக அடுத்த சந்திப்பைத் தேடித்தான் போய்க்கொண்டிருக்கிறார். ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள். துரைப்பாண்டியிடம் சொன்னால் சாகும் வரை விடமாட்டார். பஸ்ஸில் போகலாம் என்று பார்த்தால், லீஸ் வண்டியை வைத்துக்கொண்டு ஏன் பஸ் என்று கேட்பார்கள். நான்கு வருடம் முடியட்டும், அதுவரை தாக்குப்பிடித்துவிடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாராம். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வாய் வரை வந்தும், ஏன் என்று அவள் கேட்டுவிட்டால் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் நீயே முடிவு பண்ணு என்றாராம்.

பூங்கோதைக்கு அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே வாசல் வழியாக முண்டியடித்துக்கொண்டு வந்தன. உடம்பு முழுக்க இலேசாகிவிட்டது. தோள், முதுகு, தாடை என்று தனக்கு இத்தனை இடங்களில் இத்தனை நாள் இறுக்கம் இருந்ததே அது விட்ட பிறகுதான் தெரிந்தது. இவ்வளவுதானா? ஒரு மனுஷன் வலது பக்கம் திரும்பப் பயப்படுகிறான், இவ்வளவுதானா? உலகத்தில் இடது பக்கம் இல்லையா என்ன, திரும்பிக்கொள்ளட்டுமே, தினமும் நூறு கிலோமீட்டர் சுற்றட்டுமே. அவர் தலையை அப்படியே இழுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது, இளநீர்க்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். வட்டம் போட்டது, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கியது, நளினா, மாடிப்படி, குழந்தை, எல்லாவற்றையும் சொன்னால் இந்த மனுஷன் இப்போதே விழுந்து விழுந்து சிரிப்பார், இருவரும் சேர்ந்து சிரித்துத் தீர்த்துவிடலாம். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் கோதை. நீ காலைல இறங்கி மீட்டரைப் பார்த்துட்டுப் போனதை ரெண்டு மூணு தடவை ஜன்னல்ல இருந்து பார்த்திருக்கேன். கணக்கு டீச்சர், உனக்கா புரியாது? ஆனா ஒரு நாள்கூட நீ கேக்கலை. தெரிஞ்சும் என்னை அசிங்கப்படுத்தாம இருக்கியேன்னு நெனைப்பேன். அந்த தைரியத்துலதான் தினமும் சாவியைத் திருகினேன்.”

பூங்கோதை திறந்த வாயை மூடிக்கொண்டாள். கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை. அவள் பதினான்கு மாதம் பயத்தில் வாய் மூடிக் கிடந்ததை இந்த மனுஷன் அன்பு என்று எடுத்துக்கொண்டு, அதைச் சோறு கட்டிக்கொண்டு போகிற மாதிரி தினமும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே அவர் வேர்த்து வழிந்து சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே அவள் அவருக்கு ஒரு பெண்ணையும் குழந்தையையும் சிருஷ்டித்து, அந்தப் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா தெரியாதா என்று விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. சொல்லக் கூடாது, என்றைக்கும் சொல்லக் கூடாது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தாள். சொன்னால் அவளுக்குப் பாரம் இறங்கும், சரி. அவரிடமிருந்து எதை எடுத்துவிடும் என்று யோசித்தால் அந்தப் பாரத்தைத் தானே வைத்துக்கொள்வது பெரிய கஷ்டமில்லை. நளினாவை அவளே உண்டாக்கினாள், அவளே வைத்துக் காப்பாற்றட்டும். இனி அந்த நளினா தன் சமையலைப் பற்றிக் கவலைப்படாமல் நிம்மதியாக இருப்பாள். பூங்கோதை இளநீர்க்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். இருவரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து குடித்தார்கள். வழுக்கையைச் சுரண்டித் தின்னும்போது ஞானவேல், இன்னும் எத்தனை வலது பக்கம் இருக்கிறது என்று கேட்டார். இரண்டு, என்றாள். அவர் தலையாட்டினார். அவசரமில்லை, பத்தேகால்தான் ஆகிறது, சுற்றியே போகலாம் என்றாள். அந்த இரண்டையும் ஆறு இடது பக்கங்களாக்கி அவர்கள் போனார்கள், அவள் ஒவ்வொரு சந்துக்கும் முன்னால், இது அகலமா இருக்கு, இதுல போங்க என்று சொல்லிக்கொண்டே வந்தாள், ஒரு சந்து பள்ளிக்கூடத்து மைதானத்தில் போய் முட்டியது, பின்னால் எடுப்பதில் அவர் கெட்டிக்காரராகத்தான் இருந்தார்.

லீஸ்காரர்களின் யார்டு ஒரு பெரிய தகரக் கொட்டகை. வாசலில் திருப்பிக் கொடுக்கப்பட்ட கார்கள் வரிசையாக நின்றன, கண்ணாடிகளில் விபூதிக் கீற்று, பின்னால் குலதெய்வத்தின் பெயர், ஒன்றில் இன்னும் ஒரு மாலை காய்ந்து தொங்கியது. ஜெயசீலன் என்று பெயர்ப்பட்டை குத்திய ஒருவர், அறுபதை நெருங்குகிறவர், கையில் அட்டையோடும் படிவத்தோடும் வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினார். குனிந்தார், விரலால் தடவினார், எழுதினார். இடது பக்கத்தில் நெடுநேரம் நின்றார். வலது பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் இடது பக்கத்துக்கே வந்தார். இருபத்திரண்டு வருஷமா வண்டி பார்க்கிறேன், எல்லாக் கீறலும் ஒரே பக்கம் இருக்கிற வண்டியை இப்பத்தான் பார்க்கிறேன் என்றார், குற்றம் சொல்கிற குரலில் இல்லை, ஏதோ அபூர்வமான பறவையைப் பார்த்த குரலில். ஞானவேல் தன் செருப்பைப் பார்த்தார். ஜெயசீலன் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, வாங்கிக்கொள்கிறீர்களா, மாற்றுகிறீர்களா என்று கேட்டார். இந்தப் பதவிக்குப் பெரிய வண்டியே கிடைக்கும், எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள் என்றார். ஞானவேல் மனைவியைப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கிறோம், வேறு வண்டியும் வேண்டாம் என்றாள் பூங்கோதை. அப்படியானால் காரணம் எழுத வேண்டும் என்று ஜெயசீலன் படிவத்தில் ஒரு கட்டத்தைக் காட்டினார். வெளிநாடு போகிறவர்கள், வேலை மாறுகிறவர்கள், சொந்த வண்டி வாங்குகிறவர்கள், எதுவானாலும் ஒன்றை எழுதினால்தான் மேலே வாங்கிக்கொள்வார்களாம். ஞானவேலின் கை பேனாவை எடுத்தது, எடுத்த இடத்திலேயே நின்றது. நல்ல பொய் ஒன்றை அவர் தேடுகிறார், தேடினாலும் கிடைக்காது என்பது இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரிந்தது. அவள் பேனாவை அவர் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்து ஜெயசீலனிடம் கொடுத்தாள்.

“நீங்களே எழுதிக்குங்க சார். எங்க ரெண்டு பேருக்கும் வண்டின்னா பயம்.”

ஜெயசீலன் நிமிர்ந்து, மேடமும் ஓட்டுவீங்களா என்று கேட்டார். இல்லை, பக்கத்தில் உட்கார்ந்ததே இன்றைக்குத்தான் என்றாள் பூங்கோதை, ஆனாலும் பயம்தான் என்று சேர்த்துக்கொண்டாள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. ஞானவேல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகத்தில் கூச்சம் இருந்தது, அதற்கும் மேலே நெடுநாள் காணாத ஓர் ஓய்வு இருந்தது. ஜெயசீலன் எத்தனையோ காரணங்களை எழுதிப் பழகியவர், இதையும் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி சின்ன எழுத்தில் எழுதினார், படிவத்தைத் திருப்பி நீட்டினார். ஞானவேல் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சிக்கென்று ஒரு கோடு காலியாக இருந்தது. அங்கே பூங்கோதை போட்டாள்.